விறகுக் கணக்கும் வேர்க் கணக்கும்

மரக்காணம் என்றதும் கண்ணில் வருவது உப்பளம்தான். பாத்திகளில் விளைந்து வரப்போரம் குவிந்து கிடக்கும் வெள்ளை, அதன் அருகே வந்து முடிந்துபோகும் பக்கிங்காம் கால்வாய், பின்னால் விரிந்து கிடக்கும் கழுவெளி ஈரநிலம். இதில் பாறைக்கு இடமே இல்லை என்று தோன்றும். ஆனால் கழுவெளியைத் தாண்டித் தெற்கிலும் மேற்கிலும் போகப் போக நிலம் மெல்ல ஏறுகிறது. மணலும் களிமண்ணும் பின்வாங்கிச் செம்மண் வருகிறது. செம்மண்ணுக்கு அடியில் சரளையும், பல இடங்களில் கடப்பாரையைத் திருப்பி அனுப்பும் செம்புறாங்கல் அடுக்கும் இருக்கின்றன. வானூர்ப் பக்கத்து மேட்டு நிலம் முழுக்க இப்படித்தான். இன்று வீடுகள் மளமளவென்று எழுவதும் இந்த மேட்டில்தான். ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் இங்கே ஒரே பேச்சு எழுகிறது: வீட்டருகே மரம் இருக்கலாமா, கூடாதா? கேள்வியே பிழையான இடத்தில் தொடங்குகிறது என்பது என் எண்ணம். இந்தக் கரையில் மரத்தைக் கையாளும் தொழில் ஒன்றரை நூற்றாண்டாக மரத்தை விறகாகவே எடைபோட்டு வந்திருக்கிறது. கிளை கழிப்பதும் மரம் இறக்குவதும், என்ன மரம் நடுவது என்பதும்கூட அந்தக் கணக்கில் அமைந்தவை. வீட்டு மரம் சாய்வதில் காற்றுக்கு இருக்கும் பங்கு சிறிதல்ல; ஆனால் அந்தப் பழைய கணக்குக்கு இருக்கும் பங்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இந்தக் கணக்கு ஆதியிலிருந்தே இங்கு இருந்ததல்ல. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடிய சிறுபாணாற்றுப்படை எயிற்பட்டினத்துக்குப் போகும் நெய்தல் வழியை விவரிக்கிறது. அந்த எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்பதே அறிஞர் பலரின் கருத்து. வழியில் அதைப் பாடிய புலவர் நத்தத்தனார் காட்டுபவை தாழையும் செருந்தியும் முண்டகமும் புன்னையும். இதைவிட முக்கியமான செய்தி ஒன்று அங்கே இருக்கிறது. பட்டினத்து நுளைமகள், அதாவது மீனவப் பெண், அடுப்பெரித்தது கரையில் வெட்டிய மரத்தால் அல்ல. பெருங்கடல் அலை அடித்துக்கொண்டு வந்து ஒதுக்கிய மணமரங்களால். ஒரு செய்யுளை வைத்து ஓர் ஊரின் எரிபொருள் வரலாற்றை எழுதிவிட முடியாது. வளத்தைக் காட்டப் புலவர் கையாண்ட அழகு அது என்று சொல்லலாம், அதை மறுக்கவில்லை. ஆனாலும் புன்னை நிழலுக்கும் பூவுக்கும் நின்றது, விறகு வேறெங்கிருந்தோ வந்தது என்ற அந்தப் பிரிவினை கவனிக்கத்தக்கது. அதே பிரிவினையைக் கல்லும் மண்ணுமாக இன்றும் காண ஓர் இடம் உண்டு. மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் புத்துப்பட்டு ஐயனார் கோயிலைச் சுற்றி நிற்கும் காடு அது. 1990-களில் இந்தக் காட்டையும் மரக்காணம் காப்புக்காட்டையும் தாவரவியலாளர்கள் கணக்கெடுத்தார்கள். உலர் பசுமைமாறாக் காடு என்று அவர்கள் அழைக்கும், சோழமண்டலக் கரைக்கே உரிய அரிய வகை அது. காயா, வீரை, பாலை, குருந்து, நாவல், கருங்காலி என அந்த வகைக் காட்டு மரங்கள் பெரும்பாலும் குட்டையானவை, கெட்டியானவை, மெதுவாக வளர்பவை. சாமி காட்டில் கத்தி வைக்கக் கூடாது என்ற வழக்கமே இத்தகைய காடுகளைக் காத்தது. விறகுக் கணக்கு நுழைய முடியாத இடம் என்பதால் மட்டுமே இந்த மண்ணில் இயல்பாக நிற்கக்கூடிய மரம் எது என்று நாம் இன்று அறிய முடிகிறது.

கணக்கு மாறியது பத்தொன்பதாம் நூற்றாண்டில். 1856-இல் ராயபுரத்திலிருந்து ரயில் ஓடத் தொடங்கியது. அந்த எஞ்சின்கள் விறகைத் தின்றன. சென்னை நகரமும் பெருத்துக்கொண்டே போனது. 1860-களிலிருந்து சென்னை மாகாணத்துக் கடற்கரை மணலில் சவுக்கு பரவியது இந்தப் பசிக்காகத்தான். தென்கிழக்கு ஆசியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் உரிய அந்த மரம், வேரில் ஒட்டி வாழும் நுண்ணுயிரின் துணையால் காற்றிலிருந்தே தழைச்சத்து பெறும். வெறும் மணலிலும் நெடுநெடுவென்று வளரும். நாலைந்து ஆண்டில் வெட்டுக்கு வந்துவிடும். கொண்டுபோக வழியும் தயாராக இருந்தது. ஆந்திரக் கரையிலிருந்து சென்னை வழியாக வந்து மரக்காணத்தில் முடியும் பக்கிங்காம் கால்வாய்க்கு, 1877–78 பஞ்சத்தின்போது சென்னை நகருக்குள் இணைப்பு வெட்டப்பட்டது. அதன் பிறகு தெற்கிலிருந்து நகருக்குப் போன படகுகளின் முக்கியச் சரக்கு உப்பும் விறகும்தான். உப்பளத்துக்கும் சவுக்குத் தோப்புக்கும் ஒரே படகு, ஒரே சந்தை. ரயில் நிலக்கரிக்கு மாறி, கால்வாய் தூர்ந்து, அடுப்பில் எரிவாயு வந்த பிறகும் சவுக்கு போகவில்லை. சாரக்கட்டுக்கும் பந்தல்காலுக்கும் அதுவே வேண்டியிருந்தது. பின்னர் காகித ஆலைகளும் கூழ்மரமாக அதை வாங்கத் தொடங்கின. வாங்குபவர்தான் மாறினார். மரம் என்றால் எடை என்ற எண்ணம் மாறவில்லை.

சவுக்கைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. 2004 ஆழிப்பேரலையின்போது கரையோரச் சவுக்கு வரிசை அலையின் வேகத்தை மட்டுப்படுத்தியதாகப் பல ஊர்களில் சொல்லப்பட்டது. காற்றுத்தடுப்பாக அதற்கு நல்ல இடம் உண்டு. என் கவலை அந்தத் தோப்பு உருவாக்கிய கைப்பழக்கம். தோப்பில் மரம் வெட்டுபவர் ஒரு பக்கத்திலிருந்து தொடங்கி வரிசையாகச் சாய்த்துக்கொண்டு போகலாம். சுற்றிலும் வீடில்லை, மின்கம்பி இல்லை, காப்பாற்ற வேண்டிய பக்கத்து மரமும் இல்லை. அடிக்கட்டையையும் தோண்டி எடுத்துவிடுவார்கள், அதுவும் எரிபொருள். அடுத்த நடவுக்கு நிலம் வெறுமையாக வேண்டும். மணலில் இந்த முறைக்குக் குறையொன்றும் இல்லை. சிக்கல், இதே கோடரியும் இதே பழக்கமும் செம்மண் மேட்டு வீட்டு வாசலுக்கு வந்தபோது தொடங்கியது. கூலி முறையைப் பார்த்தாலே இது விளங்கும். வீட்டு மரத்தை வெட்ட வருபவர் பெரும்பாலும் கட்டையை எடுத்துக்கொண்டு போகிறார். நல்ல கட்டையாக இருந்தால் வீட்டுக்காரருக்குப் பணமும் தருகிறார். கூலியே விறகாக இருக்கும்போது, காய்ந்த இரண்டு கிளையை மட்டும் எடுத்துவிட்டு மரத்தை நிற்க விடுவதில் யாருக்கு என்ன கிடைக்கும்? ‘கொஞ்சம் கழித்து விடுங்கள்’ என்று கேட்டால் தலையோடு மொட்டையடிப்பதும், ‘ஆபத்தா?’ என்று கேட்டால் ‘எடுத்துவிடுவதே நல்லது’ என்று பதில் வருவதும் வெட்டுபவரின் பேராசையால் அல்ல. தொழிலின் கூலி அப்படித்தான் அமைந்திருக்கிறது.

இதே கரையில் நேர் எதிரான கணக்கில் வாழ்ந்த இன்னொரு மரத்தொழிலும் இருந்தது. பனையேறியின் வருமானம் மரம் உயிரோடு நிற்பதைச் சார்ந்தது. பதநீரோ நுங்கோ எதுவானாலும், மரம் விழுந்தால் அவருடைய பிழைப்பும் விழும். காலில் தளை, இடுப்பில் கயிறு, பின்னால் பாளை அரிவாள் என்று அவர் ஏறிய முறையில் மரத்தண்டு வெட்டுப்படுவதில்லை. காய்ந்த மட்டையைக் கழிப்பது மரத்தைச் சுத்தம் செய்யவும் ஏறுவதற்கு வழி விடவும்தான். எந்த மரம் காற்றில் எப்படி ஆடும், எதன் தலை பாரமாகிவிட்டது, எதன் தூர் உளுத்துவிட்டது என்பதை உடம்பாலேயே அறிந்தவர் அவர். இதை அழகுபடுத்திச் சொல்லிவிட்டுப் போவது நேர்மையாகாது. அது உயிரைப் பணயம் வைக்கும் வேலை. விழுந்து முடமானவர்கள் எத்தனையோ பேர். சாதி இழிவும் வறுமையும் அந்தக் கயிற்றோடு சேர்ந்தே வந்தன. 1987-இல் கள்ளுக்குத் தடை வந்தது, பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனார்கள், ஏறுபவர் அருகினர். அந்த வாழ்க்கைக்கு யாரையும் திரும்ப அழைக்கவில்லை. இன்னொரு மறுப்பும் நியாயமானது: பனைக்குக் கிளை இல்லை, வேம்பையும் மாவையும் பராமரிக்கப் பனையேறியின் நுட்பம் போதாது. போதாதுதான். நான் சுட்டுவது நுட்பத்தைவிடக் கூலியின் அடிப்படையை. மரத்தின் மீது ஏறி, அதைக் கொல்லாமல், அது நிற்பதற்காகக் கூலி வாங்கும் தொழில் இந்த ஊருக்கு அந்நியமல்ல. வீட்டு மரத்துக்கு இரண்டு முன்னோர்கள் இருந்தார்கள். நாம் ஒருவரை மட்டும் அழைத்துக்கொண்டோம். பனைக்கு மாநில மரம் என்ற சிறப்பு 1978-இல் கிடைத்தது. அதை வெட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்ற அறிவிப்பு 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில்தான் வந்தது. அதற்குள் ஏறத் தெரிந்தவர்கள் அரிதாகிவிட்டார்கள்.

மேட்டு நிலத்தின் கதைக்கு வருவோம். உலர் பசுமைமாறாக் காடு ஒரு காலத்தில் இந்த மேட்டிலும் இருந்தது. கட்டிட மரத்துக்கும் விறகுக்கும் கரிக்கும் மேய்ச்சலுக்குமாக அது படிப்படியாக அழிந்தது. மூடாக்குப் போனதும் மழை மேல்மண்ணை அரித்துக் கடலுக்குக் கொண்டுபோனது. மேட்டின் ஓரங்களில் ஆழமான ஓடைகள் பிளந்தன. அடியில் இருந்த செம்புறாங்கல் வெயில் பட்டு மேலும் இறுகியது. 1968 பிப்ரவரி 28 அன்று இதே மேட்டில் ஆரோவில் நகரம் தொடங்கப்பட்டபோது அங்கே இருந்தது ஏறக்குறைய பொட்டல்தான். வந்தவர்கள் முதலில் செய்தது வரப்புக் கட்டி மழைநீரை நிறுத்தியது; பிறகு எது பிழைக்கிறதோ அதை நட்டார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அகேசியா பிழைத்தது. இலையை அள்ளிக் கொட்டியது, தழைச்சத்தைச் சேர்த்தது, நிழல் தந்தது. அந்த நிழலில் காயாவும் வீரையும் மறுபடி தலையெடுத்தன. 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகத்தில் கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. ஆரோவில்லில் பெரிய அடி அகேசியாவுக்கு. உள்ளூர்க் காட்டு மரங்கள் அதைவிட நன்றாகத் தாக்குப்பிடித்தன. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோதும், விழுந்தவற்றில் குல்மோகர், தூங்குமூஞ்சி, இயல்வாகை போன்ற வெளியூர் மரங்களே மிகுதி என்று பேசப்பட்டது.

இங்கே ஒரு வலுவான எதிர்வாதம் உண்டு. அந்த வேகத்தில் அடிக்கும் காற்றில் எந்த மரமும்தான் விழும். விழுந்த பிறகு மரத்தின் பிறப்பிடத்தைத் தேடுவது வீண் என்பார்கள். பாதி உண்மை. தானே கரையேறிய இடத்தில் வேம்பும் புளியும்கூட விழுந்தன. ஆனால் விழுந்த விதத்தைப் பார்க்க வேண்டும். தண்டு முறிந்து விழுவது ஒன்று. வேரோடு பெயர்ந்து, தூரின் கீழ் ஒரு வட்டத் தட்டை மண்ணோடு தூக்கிக்கொண்டு சாய்வது வேறு. மேட்டு நிலத்தில் மிகுதி இரண்டாவது வகை. காரணம் மண்ணில் இருக்கிறது. பெரும்பாலான மரங்களின் வேர்களில் பெரும்பகுதி எங்குமே மேல் மூன்று அடிக்குள்தான் இருக்கும். கெட்டியான அடுக்கு குறுக்கே வந்தால் அந்த ஆழமும் குறையும். கல்லில் பிளவு கிடைத்தால் ஆணிவேரும் அதன் துணைகளும் அதற்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். மெதுவாக வளரும் காட்டு மரங்களுக்கு அந்தப் பிளவைத் தேட நேரம் இருக்கிறது. வேகமாக வளரும் மரமோ வேர் பிடிப்பதற்கு முன்பே தலையைப் பெருக்கிவிடுகிறது. அதிலும் கடப்பாரையால் குறுகலாகக் குழி வெட்டி, உரமண் போட்டு நட்ட மரம் சட்டியில் வளர்ந்த செடியைப் போலத்தான்: வேர் குழிக்குள்ளேயே சுற்றும், மழையில் குழி தொட்டியாகி நீர் கோக்கும், வேர் அழுகும். இந்த நிலையில் மரத்தைச் சாய்ப்பதற்குப் பெருங்காற்று வேண்டியதில்லை. 2024 நவம்பர் 30 அன்று கரையேறிய ஃபெஞ்சல் தானே அளவுக்கு வேகமான புயல் அல்ல. ஆனால் நகராமல் நின்று கொட்டியது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை. மண் குழம்பாகிப் பிடி தளர்ந்துவிட்டால் தட்டையான வேர் கொண்ட மரத்துக்கு மிதமான காற்றே போதும்.

அப்படியானால் அகேசியாவை நட்டதே பிழையா? இல்லை. அது இல்லாமல் அந்தப் பொட்டலில் காயா முளைத்திருக்காது. பிழை, அதன் வேலை முடிந்த பிறகும் அதை அப்படியே விட்டதில், அதிலும் வீட்டுச் சுவரை ஒட்டி விட்டதில் இருக்கிறது. அகேசியா போன்ற செவிலி மரத்தைப் படிப்படியாக, கீழே வளரும் கன்றுகள் நசுங்காமல், மண்ணைக் கிளறாமல் இறக்க வேண்டும். இது தோப்பு வெட்டும் கைக்குத் தெரியாத வேலை. ‘உள்ளூர் மரம் வளர இருபது ஆண்டாகும், எனக்கு நிழல் இப்போதே வேண்டும்’ என்பவருக்கும் விடை இதிலேயே இருக்கிறது: வேகமான மரத்தை வீட்டிலிருந்து விலக்கி நடலாம், அருகே மெதுவான மரத்தையும் நடலாம், முன்னதை உரிய காலத்தில் இறக்கும் திட்டத்தோடு. கேட்க எளிது, நடைமுறையில் அந்த இறக்கும் நாள் வருவதே இல்லை, புயல்தான் வருகிறது. வெளிநாட்டு மரம் என்றாலே ஒழிக்க வேண்டும் என்று கிளம்புவதும் தீர்வாகாது. சீமைக் கருவேலத்தை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை பிறப்பித்த ஆணையும், 2017-இல் அதற்கு அந்த நீதிமன்றமே விதித்த இடைக்காலத் தடையும், வேரோடு பிடுங்குவதன் பின்விளைவை யோசிக்காமல் இறங்க முடியாது என்பதைக் காட்டின.

கிளை கழிப்பதில் உலகம் கற்ற பாடமும் நெடுங்காலம் எடுத்ததுதான். அமெரிக்காவில் ஜான் டேவி 1901-இல் மர மருத்துவம் பற்றி நூல் எழுதினார்; 1924-இல் அங்கே மரப் பராமரிப்பாளர்களின் மாநாடு தொடங்கிப் பின்னர் உலக அமைப்பாக வளர்ந்தது. இத்தனைக்குப் பிறகும் கிளையைத் தண்டோடு தண்டாக மழித்து வெட்டி, மேலே பூச்சு பூசுவதே நல்ல வேலை என்று அங்கும் நம்பினார்கள். ஆயிரக்கணக்கான மரங்களைப் பிளந்து பார்த்த அலெக்ஸ் ஷைகோ 1970-களில் அதைத் திருத்தினார். மரத்தின் காயம் நம் தோலைப் போல ஆறுவதில்லை. மரம் அந்த இடத்தைச் சுற்றிச் சுவரெழுப்பி அழுகலை அடைத்து வைக்கிறது. கிளை தண்டோடு சேரும் இடத்தில் வளையம்போல் ஒரு புடைப்பு இருக்கும். அதை விட்டு வெளியே வெட்டினால் அந்தச் சுவர் எழும், அதையே சீவிவிட்டால் அழுகல் தண்டுக்குள் இறங்கும், பூச்சு எதையும் தடுக்காது. மொட்டையடிப்பது ஏன் கெடுதல் என்பதும் இதனால் விளங்கும். பெரிய வெட்டுவாயை மரத்தால் அடைக்க முடியாது; பட்டினி கிடக்கும் மரம் அவசரமாகத் துளிர்க்கும் போத்துகள் மேல்தோலில் மட்டும் ஒட்டி நிற்கும். மூன்று நான்கு ஆண்டில் தலை மறுபடி பெருத்து, பிடிப்பில்லாத கிளைகளும் அழுகிய தண்டுமாக, முன்னிலும் ஆபத்தான மரம் கிடைக்கும். பாதுகாப்புக்காக வெட்டியதே அடுத்த புயலுக்கு ஆயத்தம் ஆகிவிடுகிறது. இந்த அறிவோடு, இடுப்புப் பட்டையும் கயிறும் கப்பியும் கொண்டு ஏறி, கிளையைத் துண்டு துண்டாகக் கட்டி இறக்கும் தொழில்முறை மரப் பராமரிப்பு இந்த வட்டாரத்தில் ஆரோவில்லில் வேர்விட்டிருக்கிறது. அவர்கள் வாங்கும் கூலி வேலைக்கான கூலி. கட்டை வீட்டுக்காரருக்கே. மரம் நின்றாலும் கூலி, இறங்கினாலும் அதே கூலி என்பதால்தான் ‘இதை வெட்ட வேண்டாம்’ என்று சொல்ல அவர்களால் முடிகிறது.

மிஞ்சும் மறுப்பு செலவு. விறகுக்காரர் பணம் தருகிறார், கயிற்றுக்காரர் பணம் கேட்கிறார். சாதாரண வீட்டுக்காரர் யாரை அழைப்பார்? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் செலவை எங்கே எழுதுகிறோம் என்பதில் விடை இருக்கிறது. பாறை நிலத்தில் மரத்தை ஜேசிபியால் பிடுங்கினால், பிளவில் இறங்கிய வேர் கல்லையும் சேர்த்தே பெயர்க்கும். அருகில் அடித்தளம் இருந்தால் அதுவும் அசையும். ஓடைச் சரிவானால் அடுத்த மழையில் மண் இறங்கும். அங்கே அடிக்கட்டையைத் தரையோடு அறுத்துவிட்டு வேரை மண்ணிலேயே மக்க விடுவது மலிவானதும் சரியானதும். மணல் தோப்பின் பழக்கம் இங்கே வீட்டுக்காரருக்கு இழப்பைத்தான் தருகிறது. சுற்றுச்சுவருக்கும் கழிவுநீர்த் தொட்டிக்கும் வானம் தோண்டும்போது மரத்தின் ஒரு பக்கத்து வேரை மொத்தமாக வெட்டிவிட்டு, அடுத்த புயலில் மரம் எதிர்ப்பக்கம் சாய்ந்தால் மரத்தைத் திட்டுவதும் நடக்கிறது. அந்த வானத்தை ஆறேழு அடி தள்ளித் தோண்டச் செலவு ஒன்றுமில்லை. ஊராட்சியோ பேரூராட்சியோ ஐப்பசி மழைக்கு முன், ஆவணி புரட்டாசியில், தெருவுக்குத் தெரு மரங்களைப் பார்த்துச் சொல்ல ஒருவரை வைத்து, அவருக்குக் கட்டையாக அல்லாமல் பணமாகக் கூலி கொடுத்தால் தனி வீட்டின் பாரம் குறையும். பனையேறிக் குடும்பங்களின் இளைஞர்களில் விருப்பமுள்ளவருக்கு, நவீனக் கயிறும் தலைக்கவசமும் காப்பீடும் கௌரவமான ஊதியமுமாக, அந்த வேலையைக் கற்றுக்கொடுக்கலாம். அவர்கள் முதலில் பார்க்க வேண்டியது மரத்தின் உச்சியை அல்ல: தூரைச் சுற்றி மண் வெடித்திருக்கிறதா, ஒரு பக்கம் மேடு தட்டியிருக்கிறதா, வேரோரம் காளான் முளைத்திருக்கிறதா, சிமெண்டுத் தளம் தண்டை இறுக்குகிறதா. அதன் பிறகுதான், எந்தக் கிளையை எங்கே அறுப்பது, எதைத் தொடாமல் விடுவது என்ற பேச்சு.